கயிற்றை நம்பிப் பறந்தவர்கள்!

விமானம் என்றால் இயந்திரம் இருக்கும். இயந்திரம் இருந்தால் இரைச்சல் இருக்கும். இரைச்சல் இருந்தால் எதிரிக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் போய் இறங்க வேண்டுமென்றால் என்ன செய்வது? இயந்திரத்தையே எடுத்துவிடு! இப்படித்தான் பிறந்தது போர்க்களத்துக் கிளைடர். இறக்கை உண்டு, வால் உண்டு, வயிறு நிறைய வீரர்கள் உண்டு. இழுத்துச் செல்ல இயந்திரம் மட்டும் இல்லை. இன்னொரு விமானம் கயிறு கட்டி இழுத்துப் போகும். இடம் வந்ததும் கயிற்றை அவிழ்த்துவிடும். அதன்பின் கிளைடரின் கதி, அதை ஓட்டுகிறவன் கையில்!

அந்த ஓட்டுகிறவனைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். ஆரணியிலே அமர்ந்துகொண்டு, அமெரிக்காவில் செய்து பர்மாவிலே போய் நொறுங்கிய விமானத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். கும்மிடிப்பூண்டிக்கு ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் இந்தக் கதை எதற்கு என்றும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலைக் கட்டுரையின் முடிவுக்குள் நீங்களே கண்டுகொள்வீர்கள்.

நமக்கும் அந்தப் போருக்கும் தொடர்பில்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சோழவரத்திலே நீண்டு கிடந்ததே ஓர் ஓடுதளம், பின்னாளில் மோட்டார் பந்தயம் நடத்தினார்களே, அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம். 1943-ம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானிய விமானமொன்று சென்னையின் மீதே குண்டு போட்டது. பர்மா வீழ்ந்தபோது கிழக்குக் கரை முழுவதும் கிலி பிடித்துக் கிடந்தது. அந்தப் பர்மாவை மீட்கத்தான், இந்திய மண்ணிலிருந்து கிளைடர்கள் கிளம்பின.

முதலில், கிளைடர் எப்படிப்பட்டது என்று பார்ப்போம்.

அமெரிக்கர் செய்த அந்தக் கிளைடருக்கு வாகோ சி.ஜி.4ஏ என்று பெயர். எஃகுக் குழாயால் எலும்புக்கூடு; அதன்மேல் போர்த்தியது துணி! ஆம், துணிதான், தரை ஒட்டுப்பலகை. இறக்கையின் அகலம் ஏறத்தாழ 84 அடி. ஓட்டுகிறவர் இருவர், உட்காருகிற வீரர் பதின்மூவர். ஆள் வேண்டாமென்றால் ஒரு ஜீப்பை ஏற்றலாம், அல்லது சிறு பீரங்கி ஒன்றை ஏற்றலாம். மூக்கைத் தூக்கினால் கதவு திறந்ததுபோல் திறந்துகொள்ளும். வெறும் கிளைடரின் எடை எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு எடையைச் சுமக்கும். ஏறத்தாழ 13,900 கிளைடர்களை அப்படிச் செய்து குவித்தார்கள்.

அதை ஓட்டியவர் நிலை என்ன? எதிரி சுட்டால் விலகிப் பறக்க இயந்திரமில்லை. இறங்குமிடம் சரியில்லையென்றால் மேலே எழும்பி இன்னொரு சுற்றுச் சுற்ற வழியில்லை. குதித்துத் தப்பப் பாராசூட்டும் இல்லை. பின்னால் பதின்மூன்று பேர் பாராசூட் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது, ஓட்டுகிறவன் மட்டும் குதிப்பானா? அவனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு. இருட்டிலே, தெரியாத நிலத்திலே, ஒரே ஒரு தடவை இறங்கலாம். தவறினால், தவறியதுதான்!

அமெரிக்கக் கிளைடர் விமானியின் சட்டையில் குத்தியிருந்த சிறகுச் சின்னத்தில் 'ஜி' என்ற எழுத்து இருந்தது. அது கிளைடரைக் குறிக்கும் எழுத்து. அவர்களோ, அது 'கட்ஸ்', அதாவது துணிச்சல் என்று சொல்லிக்கொண்டார்கள். சொல்லிக்கொள்ளத் தகுதியுடையவர்களே!

அதே அமெரிக்கப் படையில், பாராசூட்டில் குதிக்கிறவனுக்குக் கூடுதல் சம்பளம் இருந்தது. கிளைடரில் போய் மோதி இறங்குகிற காலாள் வீரனுக்கு 1944-ம் ஆண்டின் நடுப்பகுதி வரை அந்தக் கூடுதல் சம்பளம் இல்லை. ஒரே சண்டை, ஒரே சாவு, கூலியிலே மட்டும் பேதம்! எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? இருக்கட்டும், மேலே போவோம்.

இந்த வித்தையை முதலில் போரிலே காட்டியவர்கள் ஜெர்மானியர்கள். முதல் உலகப் போரில் தோற்றபின், 1919-ம் ஆண்டின் வெர்சேல்ஸ் ஒப்பந்தம் ஜெர்மனி விமானப் படை வைத்திருக்கக் கூடாது என்று தடுத்தது. இயந்திர விமானத்துக்குத்தானே தடை? இளைஞர்கள் இயந்திரமில்லாக் கிளைடரைப் பறக்கவிட்டுப் பழகினார்கள். பழகியது பின்னாளில் நாஜிகளுக்குப் பயன்பட்டது. 1940-ம் ஆண்டு மே 10-ம் நாள் விடியற்காலை, பெல்ஜியத்தின் எபன் எமேல் கோட்டையின் தலைமீதே ஒன்பது கிளைடர்கள் ஓசையின்றி வந்து உட்கார்ந்தன. வந்தவர்கள் எண்பது பேர்கூட இல்லை. உள்ளே இருந்தவர்கள் பல நூறு பேர். மறுநாளே கோட்டை சரணடைந்தது! சுவரை உயர்த்திக் கட்டினார்கள், அகழியை ஆழமாக வெட்டினார்கள். கூரைமேல் ஒருவன் வந்து இறங்குவான் என்று யாரும் எண்ணவில்லை.

அதைப் பார்த்து மற்றவர்களும் கிளைடரைக் கையிலெடுத்தார்கள். பிரிட்டிஷார் 1942-ம் ஆண்டு கிளைடர் விமானிகளுக்கென்றே ஒரு படைப்பிரிவு அமைத்தார்கள். பறக்கிற வரையில் விமானி, இறங்கியபின் துப்பாக்கி தூக்கிய காலாள் என்பது அவர்கள் வகுத்த முறை. 1943-ம் ஆண்டு ஜூலையில் சிசிலித் தீவின்மீது அவர்களை ஏவினார்கள். காற்று கடுமை, இருட்டு கடுமை, இழுத்துப் போன விமானிகளுக்கோ அனுபவம் குறைவு; கரைக்கு வெகு தொலைவிலேயே கயிற்றை விட்டுவிட்டார்கள். அறுபதுக்கு மேற்பட்ட கிளைடர்கள் கடலில் விழுந்தன. எதிரியைக் கண்ணால் காணாமலே, இருநூறுக்கு மேற்பட்டவர்கள் மூழ்கி மாண்டார்கள். கயிற்றைப் பிடித்திருப்பவன் கடமை தவறினால், கயிற்றின் மறுமுனையில் இருப்பவன் என்ன ஆவான் என்பதற்கு அந்தக் கடலே சாட்சி!

இப்போது நம் நாட்டுக்கு வருவோம்.

அசாமிலே, கச்சார் மாவட்டத்தில் லாலாகாட் என்றொரு ஊர். 1944-ம் ஆண்டு மார்ச் 5-ம் நாள் மாலை. ஓடுதளத்தில் கிளைடர்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு டகோட்டா விமானத்துக்குப் பின்னாலும் இரண்டிரண்டு கிளைடர்கள், நைலான் கயிற்றில் பிணைக்கப்பட்டிருக்கின்றன. விங்கேட் என்ற தளபதியின் சிண்டிட் படையை, ஜப்பானியருக்குப் பின்னால் ஏறத்தாழ 150 மைல் தள்ளி, வட பர்மாக் காட்டுக்குள் இறக்க வேண்டும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு. முதலில் போய் இறங்குகிற கிளைடர்கள் காட்டுவெளியிலே ஓடுதளம் அமைக்க ஆளும் இயந்திரமும் கொண்டுபோகும். மறுநாள் இரவு பெரிய விமானங்கள் அங்கே படையைக் கொண்டுவந்து இறக்கும். கிளைடர்களை ஓட்டியவர்கள் பிலிப் காக்ரன் தலைமையில் வந்திருந்த அமெரிக்க விமானப் படைப் பிரிவினர். இறங்குகிற படைக்குத் தலைமை மைக்கேல் கால்வர்ட்.

இறங்க இரண்டு வெளிகள் குறிக்கப்பட்டிருந்தன. ஒன்றுக்குப் பெயர் பிராட்வே. நியூயார்க் வீதியின் பெயர். மற்றொன்று பிக்காடில்லி, அது லண்டன் வீதியின் பெயர். பின்னால் திறந்த மூன்றாவது வெளிக்குக் கல்கத்தாவின் சௌரிங்கீ வீதிப் பெயரை வைத்தார்கள். காட்டிலே பெயரில்லாமலா இருந்திருக்கும்? இருந்தாலும் வரைபடம் வைத்திருப்பவன் வைப்பதுதானே பெயர்!

அந்த வெளிகளுக்கு மேலே இனி விமானம் பறக்கக் கூடாது, எதிரிக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று விங்கேட் உத்தரவிட்டிருந்தார். காக்ரன் மனம் கேட்கவில்லை; அன்றைக்கே ஒரு விமானத்தை அனுப்பிப் படமெடுக்கச் செய்தார். கிளைடர்கள் கிளம்புவதற்குச் சற்று முன்னர் படம் வந்து சேர்ந்தது. பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். பிக்காடில்லி வெளி முழுவதும் தேக்கு மரங்கள் குறுக்கே கிடத்தப்பட்டிருந்தன! அங்கே போய் இறங்கியிருந்தால் ஒரு கிளைடர்கூட மிஞ்சியிருக்காது.

துரோகம் நடந்துவிட்டதா? எதிரிக்குத் தெரிந்துவிட்டதா? தளபதிகள் கூடிக் கலந்தார்கள். ஸ்லிம் இருந்தார், விங்கேட் இருந்தார், கால்வர்ட் இருந்தார். எல்லோரையும் பிராட்வேயிலேயே இறக்குவது என்று முடிவாயிற்று. விமானிகளிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? பழையதைவிட நல்ல இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னார்கள்! விமானிகள் போய் இருக்கையில் ஏறினார்கள்.

அறுபதுக்கு மேற்பட்ட கிளைடர்கள் அன்றிரவு கிளம்பின. முன்னே ஏழாயிரம், எட்டாயிரம் அடி உயர மலைகள். ஒவ்வொரு கிளைடரிலும் அளவுக்கு மேல் பாரம். இரட்டை இழுவையின் இறுக்கம் வேறு. கயிறுகள் அறுந்தன. மலைமேல் சில விழுந்தன. எதிரிப் படைகளுக்கு நடுவே சில விழுந்தன. இந்தியப் பகுதியிலேயே சில விழுந்தன. சில திரும்ப அழைக்கப்பட்டன. பாதிதான் பிராட்வே போய்ச் சேர்ந்தது.

சேர்ந்த கிளைடர்களுக்கு என்ன நேர்ந்தது? மேலேயிருந்து பார்க்கும்போது பிராட்வே பச்சைப் பட்டு விரித்தாற்போல் இருந்தது. புல்லுக்கு அடியிலே பள்ளங்கள்! மரத்தை இழுத்து இழுத்து ஏற்பட்ட பள்ளங்கள். முதலில் இறங்கிய கிளைடர்களின் சக்கரங்கள் பள்ளத்தில் சிக்கின. கிளைடர்கள் நொறுங்கிக் கிடந்த இடத்திலேயே கிடந்தன. அடுத்து வந்தவை அவற்றின்மேல் மோதின. வருகிறவனை நிறுத்த வழியில்லை. கயிறு விட்டபின் கிளைடருக்குத் திரும்புவது ஏது? ஓடுதளம் அமைக்க வந்த பொறியாளர் தலைவர் காப்டன் பேட்ரிக் கேசி, இறங்கும்போதே மாண்டார். ஏறத்தாழ முப்பது பேர் அன்றிரவு அந்த வெளியில் உயிரிழந்தார்கள்.

நடுநிசிக்குப் பின் கால்வர்ட் ஒரு சொல் அனுப்பினார்: 'சோயா லிங்க்'. சிப்பாய்கள் வாயில் வைக்கப் பிடிக்காத சோயாப் பண்டத்தின் பெயர் அது. இடர் வந்துவிட்டது, இனி அனுப்பாதே என்பதற்கான குறிச்சொல். விடிந்தபின் மற்றொரு சொல் வந்தது: 'போர்க் சாசேஜ்'. வேலை நடக்கிறது, வரலாம் என்று பொருள். தப்பிய பொறியாளர்களும், தப்பிய இயந்திரங்களும், கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்ட வீரர்களும் பகல் முழுவதும் மண்ணை நிரவினார்கள். மாலைக்குள் ஓடுதளம் ஆயத்தம்! அன்றிரவே அறுபதுக்கு மேற்பட்ட டகோட்டாக்கள் வந்து இறங்கின. சில நாட்களுக்குள் ஏறத்தாழ 9,000 பேரும், ஆயிரத்துக்கு மேற்பட்ட கோவேறு கழுதைகளும் குதிரைகளும், 250 டன் தளவாடங்களும் எதிரியின் முதுகுப்புறத்தில் போய்ச் சேர்ந்துவிட்டன. இரட்டை இழுவையை அந்த முதல் அலையோடு நிறுத்திவிட்டார்கள். பாடம் படித்தார்கள், கட்டணம் செலுத்தியவர்கள் கயிறு அறுந்து விழுந்தவர்கள்!

சரி, பிக்காடில்லியில் மரத்தைக் கிடத்திய எதிரி யார்? இதைத்தான் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அங்கே எதிரியே இல்லை! பர்மிய மரம் வெட்டும் தொழிலாளர்கள், வெட்டிய தேக்கைக் காய்வதற்காக அந்த வெளியில் போட்டிருந்தார்கள். பிராட்வேயின் பள்ளமும், அதேபோல், மரம் இழுத்த தடம்தான். தளபதியின் வரைபடத்தில் அது வெட்ட வெளி. அங்கே வாழ்கிறவனுக்கோ அது வேலைக்களம். தலைமுறை தலைமுறையாய் அவன் மரம் வெட்டுகிறான், காய வைக்கிறான், ஆற்றுக்கு இழுக்கிறான். இத்தனை அறிவாளிகள் கூடித் திட்டமிட்டார்கள். இங்கே யாராவது உழைப்பார்களா, உழைத்தால் தடம் இருக்குமே என்று எண்ணினார்களா? உழைப்பவனை எண்ணாமல் போட்ட திட்டம், உழைப்பவன் விட்டுச் சென்ற தடத்திலேயே தடுக்கி விழுந்தது. விழுந்து செத்தவனும் இன்னோர் உழைப்பாளி!

கிளைடர் ஓட்டியவர்களெல்லாம் பெரும் பிரபுக்களின் பிள்ளைகளல்ல. அவர்களிலே ஒருவரை நம்மில் பலர் திரையில் பார்த்திருக்கிறோம். சார்லி சாப்ளினின் 'தி கிட்' படம் 1921-ம் ஆண்டு வெளிவந்தது. அதிலே கந்தல் சட்டையும் கவிழ்ந்த தொப்பியுமாக வந்தானே ஒரு சிறுவன், அவன்தான் ஜாக்கி கூகன். குழந்தையிலேயே கோடிக்கணக்கில் சம்பாதித்துக் கொடுத்தவர். வளர்ந்து ஆளானபின் கேட்டார். சம்பாதித்தது கையில் இல்லை. தாயும் மாற்றுத் தந்தையும் செலவழித்துவிட்டார்கள். 1938-ம் ஆண்டு வழக்குப் போட்டார். கிடைத்தது சிறு பகுதிதான். ஆனால் அந்த வழக்கினால், குழந்தை நடிகரின் ஊதியத்தில் ஒரு பங்கைக் காக்கும் சட்டம் கலிபோர்னியாவில் 1939-ம் ஆண்டு வந்தது. அந்த ஜாக்கி கூகன் போரிலே கிளைடர் விமானியானார். பிராட்வேயில் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். திரையிலே சிரிக்க வைத்த சிறுவன், இருட்டுக் காட்டிலே உயிரைப் பணயம் வைத்து இறங்கினான். தன் இழப்பைச் சட்டமாக்கி மற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டும் போனான்.

இன்னொரு செய்தி. பட்டறையில் நிற்கும் தோழர்கள், கடைசல் எந்திரத்தின் முன் நிற்கும் தோழர்கள், இதை உங்களுக்காகவே எழுதுகிறோம். 1943-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ம் நாள், அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் கிளைடரை மக்களுக்குக் காட்டும் விழா. அந்த ஊரிலேயே செய்த கிளைடர். நகர மேயர் வில்லியம் டீ பெக்கரும் பிரமுகர்களும் ஏறி அமர்ந்தார்கள். கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்க இறக்கை கழன்றது. பத்துப் பேரும் மாண்டார்கள்.

காரணம் என்ன? இறக்கையைத் தாங்கும் கம்பியைப் பிணைக்கும் ஓர் இரும்புத் துண்டு. இருக்க வேண்டிய கனத்துக்கு இல்லை, மெலிதாகக் கடைந்துவிட்டார்கள். அதைச் செய்தது துணை ஒப்பந்தம் எடுத்த ஒரு பட்டறை. முன்பு சவப்பெட்டி வேலை பார்த்த பட்டறை! சோதனை போட வேண்டியவர்கள் சரியாகச் சோதிக்கவில்லை. எத்தனை ஆயிரம் பேர் உழைப்பு, எத்தனை பெரிய திட்டம்! ஒரு துண்டு இரும்பு மெலிந்ததால் பத்து உயிர். அன்று மேயரும் ஏறியிருந்ததால் உலகமே அறிந்தது. ஏறியவர்கள் வெறும் சிப்பாய்களாக இருந்திருந்தால் இத்தனை பேர் அறிந்திருப்பார்களா?

பர்மா மலைகளைப் பற்றிப் பேசிவிட்டு, நம்மவர்களைப் பற்றிப் பேசாமல் போனால் பாவம் நம்மைச் சேரும். 1941-ம் ஆண்டு டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942-ம் ஆண்டு மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. மூட்டை சுமந்த தமிழன், வயலில் நின்ற தமிழன், கடையில் கணக்கெழுதிய தமிழன் எல்லோரும் கிளம்பினார்கள். தமு வழியாக மணிப்பூருக்கும், அரக்கான் வழியாகச் சிட்டகாங்குக்கும் நடந்தார்கள். இந்தியர்களாக இலட்சக்கணக்கானோர் நடந்தார்கள். பல்லாயிரவர் வழியிலேயே மாண்டார்கள். பசி, பேதி, மலைக் காய்ச்சல்! அந்த நடையிலும் வெள்ளையருக்கு வசதியான வழி, கறுத்தவனுக்குக் கடுமையான வழி என்ற பேதம் இருந்ததை வரலாறு மறைக்கவில்லை. அந்த வழியிலே கஞ்சித்தொட்டி வைக்கவும், சாலை வெட்டவும் அசாம் தேயிலைத் தோட்டக் கூலிகளை அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கிளைடர்கள் சில மணி நேரத்தில் தாண்டிய எல்லை மலைத்தொடர், நம்மவர் குழந்தையை இடுப்பில் சுமந்து வாரக்கணக்கில் நடந்த அதே மலைத்தொடர்தான். தப்பித்து, போர் முடிந்தபின் திரும்பிப் போனவர்களும் உண்டு. 1960களில் பர்மா அரசு தொழில்களையும் கடைகளையும் தேசியமயமாக்கியபோது, அவர்களில் பலர் மீண்டும் வெறுங்கையோடு சென்னைக்குக் கப்பலேறி வந்தார்கள். கடற்கரையோரம் பர்மா பஜார் என்று பெயர் நிலைத்துவிட்டதே, அது அந்தக் கண்ணீரின் முகவரி.

போர் முடிந்தது. கிளைடர் என்ன ஆயிற்று? ஹெலிகாப்டர் வந்துவிட்டது, 1944-ம் ஆண்டு ஏப்ரலில், அதே பர்மாக் காட்டில், அதே விமானப் பிரிவின் ஹெலிகாப்டர், காயம்பட்டவர்களைத் தூக்கி வந்து புதுக் காலத்தைத் தொடங்கி வைத்தது. கிளைடர் காலம் முடிந்தது. மிஞ்சிய கிளைடர்களை ஏலத்தில் விற்றார்கள். வாங்கியவர்களில் பலர் கிளைடருக்காக வாங்கவில்லை. கிளைடரை அடைத்து வைத்திருந்த பெட்டியின் மரம் நல்ல மரம் என்று, அதற்காக வாங்கினார்கள்! பெட்டியை வைத்துக்கொண்டு கிளைடரைத் தூக்கிப் போட்டார்கள். அந்த மரத்தில் கோழிக்கூண்டு கட்டியவர்களும் உண்டு.

விங்கேட்டின் பெயர் புத்தகங்களில் நிற்கிறது. ஸ்லிம்மின் பெயர் நிற்கிறது. நிற்கட்டும், நாம் மறுக்கவில்லை. பாசிசத்தை வீழ்த்த அறிவும் வேண்டும், ஆணையிடுகிறவனும் வேண்டும். ஆனால் ஆணையைச் சுமந்துகொண்டு, துணி போர்த்திய கூட்டில், இருட்டுக்குள் இறங்கியவன் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஆரணிக்கும் கிளைடருக்கும் என்ன தொடர்பு?

ஒப்பந்தக்காரன் மூலம் வேலைக்குப் போகிற இளைஞனைப் பாருங்கள். ஆலையின் உள்ளே ஓடுவது பெரிய இயந்திரம். அவனை அதனோடு பிணைத்திருப்பது ஒரு கயிறு. வேலை இருக்கும் வரை இழுத்துப் போவார்கள். வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்தில் நின்று அதே வேலை செய்வான், கூலியிலே பேதம். அவன் பாதுகாப்பு, எங்கோ ஒரு மேசையில் எவனோ போட்ட கையெழுத்தில் தொங்குகிறது. கையுறை கிழிந்திருக்கிறதா, தூக்கியின் கொக்கி தேய்ந்திருக்கிறதா, எந்திரத்தின் மூடி கழன்றிருக்கிறதா, பார்க்க வேண்டியவன் பார்த்தானா? செயிண்ட் லூயிஸில் கழன்றது இரும்புத் துண்டு மட்டுமல்ல, பொறுப்பு!

ஆகவே நாம் சொல்வது இரண்டு. கடைசல் முன் நிற்கும் தோழனே, உன் கையிலிருந்து போகும் ஒவ்வொரு துண்டும் முகம் தெரியாத ஒருவன் உயிரைத் தாங்கப் போகிறது. குறைகண்டால் கடத்திவிடாதே, கொண்டுவந்து காட்டு. குறையைக் காட்டுகிற தோழனைத் தனியே விடாதே; சங்கமாக அவன் பின்னால் நில். கயிற்றின் இந்த முனையில் நாம் ஆயிரம் பேர் நின்றால், அந்த முனையில் இருப்பவன் நினைத்தபோது அவிழ்த்துவிட முடியாது.

ஆலைக்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஒன்று. திட்டம் தீட்டுங்கள், வரைபடம் விரியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வரைபடத்தில் வெறுமையாகத் தெரிகிற இடத்தில் மனிதர்கள் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். கேட்காமல் இறங்கியவர்கள் கதை, பர்மாக் காட்டுப் புல்லுக்கடியில் கிடக்கிறது!